முன்னாள் தூதுவரின் சாட்சியம்

தொலைபேசியில் வந்த குரல் "எக்ஸலன்சி நிக்கிறாரோ?" என்று கேட்டபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாரும் தூதுவருக்குரிய அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை. யாரோ எண்ணை மாற்றிச் சுழற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் குரல் பிடிபட்டது. கொழும்பிலிருந்து சண்முகநாதன். என் கணவர் கனகசிங்கத்தோடு சட்டக்கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர், இப்போது வெளிநாட்டமைச்சில் பெரிய கதிரை ஒன்றில் இருப்பவர்.

"அவர் கீழ லோன்றியில நிக்கிறார். கூப்பிடட்டா?" என்றேன்.

மறுமுனையில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"கூப்பிடுங்கோ தங்கச்சி. நல்ல விசயமாத்தான் எடுக்கிறன்."

1986 கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்ட் இருந்த கட்டடத்தின் அடித்தளத்தில்தான் உடுப்புத் தோய்க்கும் மெஷின்கள் இருந்தன. ஞாயிறு காலையில் இடம் பிடிப்பது கஷ்டம். அதை இவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தார். துவாய்களை மூலை மூலையாகப் பொருத்தி, நீதிமன்றக் கட்டுகளைப் போல அடுக்கி வைப்பார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க மேலே வந்து, கூடையைக் கீழே வைக்காமலே தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தார்.

இவர் அதிகம் பேசவில்லை. "ம்" என்றார். "எந்த நாடு?" என்றார். கடைசியில், "யோசிச்சுச் சொல்லுறன் சண். நீர் எடுத்ததுக்குச் சந்தோசம்," என்று வைத்தார். பிறகுதான் கூடையைக் கீழே வைத்தார்.

கிழக்கு ஆபிரிக்காவில் ஒரு நாட்டுக்கு மறுபடியும் தூதுவர் பதவி. வெளிநாடுகளில் கெட்டுப்போன பெயரைச் சரிக்கட்ட அரசாங்கத்துக்கு ஒரு தமிழ் முகம் தேவைப்பட்டது. மந்திரி இவர் பெயரைக் கேட்டவுடனே சம்மதித்துவிட்டாராம். தை பிறந்ததும் அறிவித்துவிடுவார்களாம். அதுவரைக்கும் ரொறன்ரோவில் வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமாம்.

இவர் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் வழக்காடும் அப்புக்காத்தாக நின்ற காலத்திலேயே வாய்க்குப் பேர்போனவர். ஒரு விதவையின் வயல் எல்லை வழக்கில், விடியற்காலையிலேயே வயலில் இறங்கி எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு நீதிமன்றத்துக்குள் போனவர். நீதவான் முகம் சுளித்தாராம். "பிரதிவாதி இல்லையென்று சொல்லும் கல்லுக்குப் பக்கத்திலிருந்து எடுத்த சேறு இது" என்றாராம் இவர். அந்தக் கதையை ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்லுவார்கள். அந்தக் கதைதான் இவருக்கு வாக்காகவும் மாறியது. எழுபத்தேழுத் தேர்தலில் தமிழ்க் கட்சியில் நின்று வென்றார். இரண்டு வருடம் போனதும் அரசாங்கப் பக்கம் மாறினார்.

மாறியதற்குக் காரணம் ஒரு பாலம். வாவியைத் தோணியில் கடந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் ஒரு மாரி மழையில் தோணி கவிழ்ந்து செத்துப்போனார்கள். அந்தப் பிரேதங்களை இவர் நேரில் போய்ப் பார்த்தார். எதிர்க்கட்சி வாங்கிலிருந்து எத்தனை தரம் கேட்டும் கிடைக்காத பாலம், பக்கம் மாறிய அடுத்த வருடமே கிடைத்தது. பாலம் கட்டி முடிய, அதன் கைப்பிடிச் சுவரிலேயே "துரோகி" என்று தாரால் எழுதினார்கள். திறப்பு விழாவில், அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்க மனேஜர் வீரக்குட்டி சனத்தை விலக்கிக்கொண்டு வந்து இவர் கழுத்தில் செருப்பு மாலையைப் போட்டான். பொலிஸ் பாய்ந்தது. இவர் பொலிசைத் தடுத்தார். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பேச வந்ததைப் பேசி முடித்துத்தான் இறங்கினார். நான் முன்வரிசையில் இருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் பல வருடம் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவில் தூதுவர் பதவி வந்தது. பெரிய வீடு, கொடி வைத்த கார், விருந்துகளில் எனக்கென்று பெயர் எழுதிய கதிரை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் இவருடைய தங்கச்சியின் வீட்டை எரித்தார்கள். தங்கச்சி குடும்பம் கோயிலில் அகதியாக இருந்த அதே நாளில், கொழும்பிலிருந்து இவருக்கு ஒரு டெலெக்ஸ் வந்தது. சிறு குழப்பம்தான், எல்லாம் கட்டுப்பாட்டில் உள்ளது என்று பத்திரிகையாளரைக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். இவர் யாரையும் கூட்டவில்லை. மறுநாள் காலையில் தானே போய்க் காரிலிருந்த கொடியைக் கழற்றி, மடித்து, செயலாளரிடம் கொடுத்துவிட்டு வந்து "பெட்டியைக் கட்டு, நாகேஸ்," என்றார். ரொறன்ரோவில் என் தம்பி இருந்ததால் இங்கே வந்தோம்.

ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு, மறுபடியும் சட்டக்கல்லூரிக்குப் போய்த்தான் இங்கே வக்கீல் கோட்டுப் போடலாம் என்று சொன்னார்கள். இவர் சிரித்துவிட்டு, எக்ளிங்டனில் கிளடிஸ் என்ற பெண் வழக்கறிஞரின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். கிளடிஸ் சின்ன வயதில் ட்ரினிடாட்டிலிருந்து வந்தவர், அகதி வழக்குகள்தான் செய்வார். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். பெரிய அண்டாக்களைக் கழுவிக் கழுவி மணிக்கட்டு வீங்கிவிடும். அன்றைக்குச் சண்முகநாதன் சொன்னதைக் கேட்டதும் நான் முதலில் பார்த்தது என் மணிக்கட்டைத்தான். அதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அந்தப் பதவி வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை வேலையால் வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றார்.

"வீரக்குட்டியை நினைவிரிக்கா?"

"மறப்பனா?"

"இஞ்சதான் இரிக்கான். கிளடிஸ்ட கேஸ்."

வீரக்குட்டியை இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் மாதக்கணக்கில் வைத்திருந்தது. மனைவி நாகமணியை ஊரில் விட்டுவிட்டு, எப்படியோ கனடாவுக்கு வந்து சேர்ந்திருந்தான். முதல் தடவை அவனுடைய அகதி மனுவை நிராகரித்துவிட்டார்கள். இப்போது மேல்முறையீடு. கனடா அரசாங்கத் தரப்பு தன் ஆதாரங்களைக் கிளடிசுக்கு அனுப்பியிருந்தது. அதில் ஒன்று, எண்பத்திரண்டில் ஒரு சர்வதேச மாநாட்டில் இலங்கைத் தூதுவர் ஆற்றிய உரை. "எங்கள் நாட்டில் ஒரு தமிழன், தமிழன் என்பதற்காக அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் முன் நிற்கும் நானே அதற்குச் சாட்சி." தமிழ்த் தூதுவரே இப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது அவர்களின் வாதம். பேச்சின் தலைப்பில் இருந்த பெயரைக் கண்டதும் கிளடிஸ் இவரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாராம்.

"வா எண்டும் சொல்லல்ல, வராத எண்டும் சொல்லல்ல. நான் சாட்சி சொல்லாட்டி இந்தப் பேச்சு அப்பிடியே நிக்கும், சொன்னா என்னையே கிழிப்பாங்க எண்டு மட்டும் சொன்னா," என்றார் இவர்.

"சண்முகநாதன் அண்ணைக்கு என்ன சொல்லப்போறீங்க?"

இவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருடத்தில் வராத கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. "ரஞ்சி கொழும்பில இரிக்காள். நீங்க இஞ்ச வாயத் திறந்தா அங்க அவள்ட வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க. அதுவும் ஆருக்காக? உங்கட கழுத்தில செருப்பு மாலை போட்டவனுக்காக," என்று கத்தினேன். எங்கள் ஒரே மகள் மனோரஞ்சிதம், மருமகனின் வங்கி வேலைக்காகக் கைக்குழந்தையோடு கொழும்பில் இருந்தாள். அந்த வாரம் முழுவதும் நாங்கள் சோறு வேண்டுமா, தேத்தண்ணி வேண்டுமா என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையில் இவரே கொழும்புக்கு எடுத்தார். ரஞ்சியின் வீட்டுத் தொலைபேசியில் எதையும் வெளிப்படையாகக் கேட்க முடியாது. பழைய வேலைக்கே திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றும், ஒரு ஊர்க்காரருக்காக இங்கே கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது என்றும், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்றும் பூசி மெழுகிச் சொன்னார். அவள் கெட்டிக்காரி. விளங்கிக்கொண்டாள் என்று அவள் மூச்சு விட்டதிலேயே தெரிந்தது. நான் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பா, பிள்ளை இப்ப நல்லாக் கதைக்கிறாள். பஸ்ஸில போகக்குள்ள மட்டும் அவர 'அப்பா' எண்டு கூப்பிடக் கூடாது எண்டு பழக்கியிரிக்கன். வீட்ட வந்தபிறகு கூப்பிடலாம் எண்டா கேக்கிறாள்," என்றாள்.

அந்த ஒரு சொல்லே தமிழர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

"நீங்க செய்யிறதச் செய்யுங்க அப்பா. எங்களப் பத்தி யோசிச்சு நிண்டுபோகாதீங்க. அவர் மதராசில வேல தேடுறார், நாங்களும் போயிருவம்," என்றாள். பிறகு பிள்ளை அழுகிறது என்று வைத்துவிட்டாள்.

நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மனம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு இவரைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

தடுக்க வந்தது வீரக்குட்டிதான். விசாரணைக்கு முந்தின வாரம் ஒரு பின்னேரம் கதவைத் தட்டினான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாலத்தடியில் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தவன் தேக்கு மரம்போல இருந்தவன். வாசலில் நின்றவனுக்குத் தோள் ஒன்று தாழ்ந்திருந்தது. யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் ஆள் காணாமல் போயிருந்தான்.

"இரிங்க வீரக்குட்டி," என்றார் இவர்.

"இரிக்க வரல்ல. நீங்க எனக்காகச் சாட்சி சொல்ல வரப்போறதா அந்த அம்மா சொன்னா. வேணாம். உங்களுக்கு நான் செஞ்சது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கட புண்ணியத்தில எனக்கு விசா வேணாம்."

"நீங்க செஞ்சது சரியா பிழையா எண்டு நான் கேட்டனா?"

"கேக்கல்ல."

"உங்களப் பிடிச்சுக்கொண்டு போனது உண்மையா?"

வீரக்குட்டி தாழ்ந்த தோளை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான். "உண்மை."

"அப்ப அதுக்கு மாறா என்ட பேச்சு அங்க கிடக்கு. அத எடுக்கத்தான் நான் வாறன். உங்களுக்காக எண்டு நினைக்க வேணாம்."

நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். வீரக்குட்டி நின்றபடியே குடித்தான். கோப்பையைத் திருப்பித் தரும்போது, "பாலம் நல்லா நிக்குது," என்று என்னிடம் சொன்னான். இவரைப் பார்க்கவில்லை. போய்விட்டான்.

விசாரணை நகரத்துக்குள், ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நடந்தது. மோர்னிங்சைட் பஸ்ஸில் கென்னடி ஸ்டேஷனுக்குப் போய் சப்வே ரயில் எடுத்தோம். இவர் தூதுவராக இருந்த காலத்துக் கறுப்புச் சூட்டைப் போட்டிருந்தார். உடம்பு வற்றிப்போனதால் காற்சட்டையை நான் ஊசிநூலால் பிடித்துக் கொடுத்திருந்தேன். வீரக்குட்டி சம்மதித்ததால் என்னைப் பின்கதிரையில் இருக்க விட்டார்கள். முன்னால் மூன்று சபை உறுப்பினர்கள். நடுவில் இருந்தவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இவரை நன்றாகப் பார்த்தார். அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் இளைஞர், மரியாதையானவர். அவரைப் பார்க்க எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கிளடிஸ் கேட்டவற்றுக்கு இவர் நிதானமாகப் பதில் சொன்னார். பிறகு அந்த இளைஞர் எழுந்து பேச்சை வாசித்தார். ஆங்கிலத்தில் இவர் பேசிய அதே சொற்கள். நான் அந்த மாநாட்டு மண்டபத்திலும் இருந்தேன். கைதட்டினேன்.

"இவை உங்கள் சொற்கள்தானா?"

"ஆம்."

"யாரும் உங்களை வற்புறுத்தவில்லையே?"

"இல்லை."

"அன்றைக்குப் பொய் சொன்னீர்களா, அல்லது இன்றைக்கா?"

கிளடிஸ் எழுந்தார். இவர் கையைக் கொஞ்சம் உயர்த்தி அவரை இருக்கச் சொன்னார். நீதிமன்றத்தில் இவர் யோசிப்பதை நான் பலதரம் பார்த்திருக்கிறேன். கண்ணை மேலே கொண்டுபோய், சொல்லைத் தேடி எடுப்பார். அன்றைக்கு மேலே பார்க்கவில்லை. வீரக்குட்டியைப் பார்த்தார்.

"அன்றைக்கு எனக்கு நடந்ததைச் சொன்னேன்," என்றார். "என் காரில் கொடி இருந்தது. கொடி வைத்த காரில் போகும் தமிழனுக்குப் பயமில்லை என்பது உண்மைதான். ஆனால் நடந்து போகிறவனுக்கும் அதுதான் உண்மை என்று உலகத்துக்குச் சொன்னேன். நடந்து போகிறவன் யாரையும் கேட்காமல் சொன்னேன். அதை நான் இன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்த மனிதரின் வழக்கில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்."

ரஞ்சியின் பிள்ளையைப் பற்றிச் சொல்லுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. தன் தங்கச்சி வீடு எரிந்ததையும் சொல்லவில்லை. தன் பேச்சைப் பற்றி மட்டும்தான் பேசினார்.

இளைஞர் தாளைப் புரட்டினார். "மனுதாரர் உங்கள் ஊர்க்காரர். உங்கள் நண்பர். ஆகவே உதவ வந்திருக்கிறீர்கள். அப்படித்தானே?"

"நண்பர் இல்லை. ஆயிரம் பேருக்கு முன்னால் என் கழுத்தில் செருப்பு மாலை போட்டவர்."

மொழிபெயர்ப்பாளர் அதை வீரக்குட்டிக்குத் தமிழில் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நடுவில் இருந்த உறுப்பினர் தன் எழுத்தை நிறுத்தினார். "ஏன் போட்டார்?" என்று அவரே கேட்டார்.

"நான் அந்தப் பேச்சைப் பேசுவதற்கு முன்பே அதை நம்பாதவர் அவர்," என்றார் இவர்.

எங்களுக்குக் கல்யாணமான பிறகு இவர் எத்தனையோ மேடைகளில் பேசிக் கேட்டிருக்கிறேன். வாக்குக் கேட்டும், பாலம் கேட்டும், நாட்டுக்காகவும் பேசிக் கேட்டிருக்கிறேன். கைதட்ட ஆளில்லாத அந்தச் சின்ன அறையில் பேசியதுதான் எல்லாவற்றிலும் பெரியதென்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில் சப்வேயில் இதைச் சொல்ல வாயெடுத்தேன். இவர் ஜன்னலில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார்.

செய்தி எப்படியோ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பத்திரிகை, நாட்டைக் காட்டிக்கொடுத்த முன்னாள் தூதுவர் என்று எழுதியது. முன்பு தமிழருக்குத் துரோகி, இப்போது அரசாங்கத்துக்கும். "ரெண்டு பக்கமும் கணக்குச் சரி," என்று இவர் சிரித்தார். சண்முகநாதன் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. அந்தப் பதவி வேறு ஒருவருக்குப் போனது. இங்கே தமிழ்ச் சங்கத்துக்காரர் வந்து பொன்னாடை போர்த்தக் கேட்டார்கள். இன்னொரு கூட்டம், ஞானம் பிந்தித்தான் வந்தது என்று கடைகளில் நின்று கதைத்தது. இவர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரஞ்சியும் பிள்ளையும் தையில் மதராசுக்குப் போய்ச் சேரும்வரை நான் தொலைபேசி மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் செத்துப் பிழைத்தேன். அந்தப் பயத்துக்கு இவர் மேலான என் மரியாதை ஈடாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

பங்குனி முடிவில் வீரக்குட்டியை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். கிளடிஸ் அலுவலகத்தில் கேக் வெட்டினார்களாம். அந்தக் கோடையில் இவர் சட்டக்கல்லூரிக்கு விண்ணப்பித்தார். பேரப்பிள்ளை உள்ளவர், இருபது வயதுப் பிள்ளைகளோடு கன்டீனில் வரிசையில் நின்று கோப்பி வாங்கிக் குடித்தார். இரவில் கனடாவின் காணிச் சட்டத்தைப் படித்துவிட்டு, "இஞ்சயும் எல்லைக்குத்தான் சண்டை பிடிக்கிறாங்க," என்பார். நான் அண்டா கழுவுவதை விடவில்லை. ஆனால் மேற்பார்வைக்கு உயர்த்தியிருந்தார்கள்.

எண்பத்தெட்டு மார்கழியில் வீரக்குட்டி எங்கள் வீட்டுக்கு இரண்டாம் தடவை வந்தான். இந்த முறை உட்கார்ந்தான். நாகமணிக்கு விசா கிடைத்துவிட்டது, அடுத்த சனிக்கிழமை வருகிறாள் என்றான். பிறகு மேசை விரிப்பின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரி செய்தான்.

"ஐயா, எயார்போட்டுக்கு நீங்களும் வருவீங்களா? அவளோட என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியல்ல. நாலு வருசம்."

"நான் வந்து என்ன கதைக்க?"

"ஒண்டும் கதைக்க வேணாம். பக்கத்தில நில்லுங்க."

பனி கொட்டிய நாள் அது. விமானம் பிந்தியது. வருகை வாசலில் சனம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றது. வீரக்குட்டி நாகமணிக்கென்று ஒரு சிவப்புக் கோட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். விலைச்சீட்டைக்கூட வெட்டவில்லை. அதை நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றான், தாழ்ந்த தோள் வலித்திருக்கும். இவர் அவனுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தானியங்கிக் கதவு திறந்தது. பெட்டி தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. கோட்டு மேலே போய்த் தாழ்ந்தது. கதவு மூடியது. மறுபடி திறந்தது, ஒரு கிழவர் வந்தார். கோட்டு மேலே போனது. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, கோட்டு ஒரு பக்கம் சரிந்ததைக் கண்டு இவர் எட்டி அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்தபடி, அந்தச் சிவப்புக் கோட்டை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு நின்றார்கள். கதவு மறுபடி திறந்தது.